பட்டியலை யார் எழுதுகிறார்கள்?

மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியை மறுசீரமைப்பதற்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் அங்குள்ள கமலா ராமன் நகரில் தொடங்கியது. 2025 மே மாதம் முதன்மைத் திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் தந்தது. இடைப்பட்ட காலத்தில் மக்களிடம் கருத்துக் கேட்டார்களா, எவ்வளவு கேட்டார்கள் என்று நிறைய எழுதியாகிவிட்டது. திட்டமிடலைத் தொழிலாகக் கொண்ட நாம் அதற்கு முந்தைய கட்டத்தைக் கவனிக்க வேண்டும். கருத்துச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பதை முடிவு செய்தது யார்?

தகுதி விதிகளைப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. அதன்பின் 2011க்குள் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. 2022 நவம்பர் 15 வரை மேல்தளத்தில் குடியேறியவருக்கும் வெளியேதான், வாடகை கட்டி வாங்கிக்கொள்ளும் முறையில். ஒரே சந்தில், ஒரே இரும்பு ஏணியின் கீழும் மேலும் வாழ்கிறவர்கள் இப்படி வெவ்வேறு தரப்பினராகப் பிரிந்துபோகிறார்கள். எல்லாரையும் ஒரு பந்தலின் கீழ் கூட்டி ஒலிபெருக்கியை நீட்டினால் பேசத் துணிகிறவர் முதல் வகையினர் மட்டுமே. மற்றவர்களுக்கு இழந்துவிடுவோமோ என்ற பயம் அதிகம், கேட்க உரிமை குறைவு.

தொழிலைச் சேர்த்துப் பார்த்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய சந்துகளில் விடியுமுன் இட்லி அவித்து, மாட்டுங்கா பக்கமும் அதற்கு அப்பாலும் தூக்கிச் சென்று விற்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. மாவு ஆட்டும் இடம், அவிக்கும் இடம், படுக்கும் இடம் எல்லாம் ஒன்றே. கும்பார்வாடாவில் சூளையும் வீடும் ஒரே முற்றத்தைப் பகிர்கின்றன. பதிமூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கும் கூடங்களுக்கு மேலேயே தொழிலாளர்கள் தங்குகிறார்கள். ‘வீடா, கடையா?’ என்று கேட்டு ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடச் சொன்னால் இவர்களில் யாரும் உண்மையான பதிலைச் சொல்ல முடியாது. படிவத்தில் விழுந்த அந்தப் பிழை வரைபடத்துக்குப் போய், அங்கிருந்து கட்டடத்துக்கும் போய்விடுகிறது. பிறகு நடத்தும் எந்தக் கருத்துக்கேட்பும் அதைத் திருத்தப் போவதில்லை.

இதற்கு மாற்று வழி தாராவியிலேயே ஒருமுறை நடந்திருக்கிறது. 1985இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்து, அதில் ஒரு பங்கு தாராவிக்கு என்று முடிவானபோது, அங்கிருப்போர் எத்தனை பேர் என்பதே சர்ச்சையானது. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் ஸ்பார்க் அமைப்பும் குடியிருப்போரோடு சேர்ந்து வீடு வீடாக எண்ணினார்கள். அரசு சொன்னதைவிடக் கணக்கு மிக அதிகமாக வந்தது. வெறும் மதிப்பீட்டை வைத்து மக்களை வெளியேற்றும் பேச்சு அதன்பின் அவ்வளவு எளிதாக எடுபடவில்லை.

அந்தக் கூட்டமைப்பை 1970களில் தொடங்கிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர். செம்பூரை அடுத்த ஜனதா காலனியில் வாழ்ந்தவர். 1976இல் அந்தக் காலனி முழுவதும் அகற்றப்பட்டு, மக்கள் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டதை அனுபவத்தில் அறிந்தவர். தன்னைத் தானே எண்ணிக்கொள்ளத் தெரிந்த குடியிருப்போடுதான் அரசு பேசும் என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் செய்து காட்டினார். 2000இல் மகசேசே விருது பெற்றார், 2018இல் மறைந்தார். அவர் கையாண்ட முறை ஆப்பிரிக்க நகரங்கள் வரை போயிருக்கிறது. தாராவியில் அதற்கு இடமில்லாமல் போனது நமக்குப் பெரும் வருத்தம்.

2004க்குப் பிந்தைய திட்டம் வேறு திசையில் நடந்தது. மும்பையின் வழக்கமான குடிசை மறுசீரமைப்பில் குடியிருப்போரில் பெரும்பான்மையோரின் ஒப்புதல் வேண்டும். தாராவிக்கு அந்த நிபந்தனை விலக்கப்பட்டது. அரசே அமைத்த, முன்னாள் தலைமைச் செயலாளர் டி. எம். சுக்தாங்கர் தலைமையிலான வல்லுநர் குழு, 2009இல் அத்திட்டத்தை நாசூக்கான நில அபகரிப்பு என்று கண்டித்துக் கடிதம் எழுதியது. ஒப்புதல் தேவையில்லை என்று சட்டம் சொல்லலாம். ஒப்புதல் இல்லாத திட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஏலம், ரத்து, மறு ஏலம் என்று இழுபட்டதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். தான்சா குழாய்ப் பாதை ஓரத்திலிருந்து அகற்றப்பட்டவர்களைச் செம்பூர் அருகே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டிய மாஹுலில் குடியமர்த்தினார்கள். அங்குள்ள காற்று உடல்நலத்துக்குக் கேடு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே சொல்லியிருந்தது. போக மறுத்தவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை தரும்படி 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. மாற்று இடத்தைக் குடும்பங்களுக்கு முன்கூட்டியே காட்டிக் கேட்டிருந்தால், ‘அங்கே போக மாட்டோம்’ என்ற பதில் முதல் நாளே கிடைத்திருக்கும்.

தாராவி மக்கள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்று சொல்வோருக்கு 2020 நினைவிருக்கட்டும். ஏப்ரல் 1 அன்று முதல் கோவிட் நோயாளி அங்கே கண்டறியப்பட்டபோது பெரும் சாவு வரும் என்றே பலரும் அஞ்சினார்கள். மாநகராட்சியின் ஜி நார்த் வட்டம் அங்கேயே மருத்துவமனை நடத்தும் தனியார் மருத்துவர்களைத் துணைக்கு அழைத்தது. தெரிந்த டாக்டர் வாசலில் வந்து நின்றதால் கதவுகள் திறந்தன. ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டியது.

நம் துறையினரிடம் நாங்கள் கேட்பது இதுதான். கணக்கெடுக்கும் குழுவில் அந்தச் சந்தின் பெண்களும் வாடகைதாரர்களும் இருக்கட்டும். தமிழ், மராத்தி, இந்தி, குஜராத்தி என்று அந்தந்தச் சந்தின் மொழியில் பட்டியலை வாசித்துக் காட்டி, விடுபட்டோரைச் சேர்த்த பிறகே கையெழுத்திடுங்கள். ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் காரணத்தோடு எழுத்தில் பதில் கொடுங்கள். இதற்கான காலத்தையும் பணத்தையும் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். மறுக்கப்பட்டால், அந்தப் பட்டியலின் மேல் வரைபடம் போட மறுத்துவிடுங்கள்.