ஏழு பேர்ச் நிலமும் ஒரு தாங்கியும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே தனிவீடுகள் எழுந்து வருகின்றன. இந்திய அரசின் நன்கொடையில் முதலில் 4,000 வீடுகள். 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த பாரதப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்த 10,000 வீடுகள் பின்னர். குடும்பம் ஒன்றுக்கு ஏழு பேர்ச் நிலம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக லயக் காம்பராவுக்குள் அடைபட்டுக் கிடந்த ஒரு சமூகத்துக்கு இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. வீடுகளின் தொகையைப் பற்றியும் காணி உறுதியைப் பற்றியும் மேடைதோறும் பேசுகின்றனர். ஆனால் வீட்டின் பின்புறத்தே மண்ணுக்கடியிற் கிடக்கும் மலக்கழிவுத் தாங்கியைப் பற்றிப் பேசுவாரைக் காணோம். இலக்கியப் பக்கத்தில் இதென்ன பேச்சென்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். தோட்டத் தொழிலாளி இந்நாட்டில் எவ்வாறு மதிக்கப்பட்டான் என்பதை மலசலகூடத்தின் வரலாற்றைப்போல் ஒளிவுமறைவின்றிக் காட்டும் வரலாறு வேறில்லை.

லயங்களைக் கட்டிய ஆரம்பகாலத் துரைமார் மலசலகூடத்தைப் பற்றிக் கவலை கொண்டாரல்லர். புதரும் ஓடைக்கரையுமே அதற்கு இடமாயின. விளைவு, கொக்கிப்புழு. மலத்தோடு மண்ணில் விழும் முட்டை பொரிந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுந்து, குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சுவது இப்புழு. செருப்பின்றிக் கொழுந்து பறித்தவர்களை விடவும் அதற்கு வாய்ப்பான இரை எங்கே கிடைக்கும்? 1916இல் அமெரிக்க றொக்பெல்லர் தாபனம் இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிற்று. மருந்து கொடுத்தனர், நோய் தணிந்தது, சில மாதங்களில் அதே மண்ணிலிருந்து அதே புழு மீண்டும் ஏறிற்று. மலசலகூடம் இன்றி மருந்தினாற் பயனில்லை என்று வைத்தியர்கள் எடுத்துரைத்தார்கள். மருந்துக்கு இசைந்த அளவுக்குத் துரைமாரிற் பலர் மலசலகூடத்துக்கு இசைந்தாரல்லர். மருந்துக்குச் செலவு குறைவு.

பின்னர் வந்தவை பொதுக் கூடங்கள். லயத்துக்கு அப்பால் ஒரு வரிசை. அதைத் துப்புரவு செய்ய ‘வாசல்கூட்டி’ என்றொரு ஆள். பலருக்குப் பொதுவானது ஒருவருக்கும் சொந்தமன்று. கதவு உடைந்தால் தோட்டத்துக் கணக்கு. குழி நிறைந்தால் வாசல்கூட்டியின் தலையெழுத்து. அவன் கைப்பட்ட தண்ணீரை வாங்கிக் குடிக்கத் தயங்கியவர்கள் துரைமார் மட்டுமல்லர் என்பதையும் இவ்விடத்திலே சொல்லத்தான் வேண்டும்.

இப்பொழுது தனிவீட்டோடு தனித் தாங்கி வருகின்றது. இதன் மூலம் பிரான்சு தேசத்து வெசூல் நகரிலே 1860ஆம் ஆண்டளவில் லூயி மூரா என்பவர் அமைத்த தொட்டி. 1895இல் இங்கிலாந்தின் எக்சிற்றர் நகரத்துப் பொறியியலாளர் டொனால்ட் கமரன் அதைச் செப்பனிட்டுச் ‘செப்டிக்’ என்று பெயரிட்டார். அழுகச் செய்வது என்பது பொருள். அழுகற்றாங்கி எனத் தமிழிற் கூறலாம். அதனுள்ளே நிகழ்வது எளிய சங்கதிதான். கனத்தது அடியிற் சேறாகப் படியும். எண்ணெய்ப்பசை மேலே ஏடாக மிதக்கும். இடையிலுள்ள தெளிநீர் மாத்திரம் வெளியேறி ஊறுகுழியை அடைந்து மண்ணிற் சுவறும். காற்றில்லாத இருளில் வாழும் நுண்ணுயிர்கள் சேற்றின் ஒரு பகுதியைத் தின்று தீர்க்கும். பினைலும் அமிலமும் தாராளமாக ஊற்றிச் சுத்தம் பேணுகிற இல்லத்தரசி, தனக்காகக் கூலியின்றி உழைக்கும் அந்த நுண்ணுயிர்களையே கொன்றுவிடுகிறாள்.

தின்று தீராத சேறு ஆண்டுதோறும் உயரும். மூன்றாண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அதை வெளியே எடுத்தாக வேண்டும். எடுக்காவிடில் சேறே ஊறுகுழிக்குட் சென்று மண்ணின் துளைகளை அடைக்கும். பின்பு புதுக்குழி வெட்டுவதன்றி வழியில்லை. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதிலே வீடு 550. எஞ்சிய சரிவிலே எத்தனை குழிதான் வெட்டுவது?

சரிவு என்பதே இங்கு முக்கியம். சமவெளியில் ஒருவன் வீட்டுக் கழிவுநீர் அவன் நிலத்தில் ஊறும். ஹட்டன் மலையிலோ மேல்வீட்டுக் குழியில் ஊறுவது கீழ்வீட்டு முற்றத்திலே கசியும். அதற்கும் கீழே பீலி இருக்கும். கிணற்றுக்கும் ஊற்றுக்கும் ஐம்பது அறுபது அடி தூரம் விடுக என்று நூல்கள் கூறும். பக்கவாட்டிலா, தலைக்கு மேலேயா என்பதைத் தோட்டத்தில்தான் கேட்டாக வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மண் தானே தண்ணீரால் நிறைந்திருக்கும்போது ஊறுகுழி எதை உறிஞ்சும்? நீர் நிறைந்த சரிவு எத்தகையது என்பதை 2014 அக்டோபரில் மீரியபெத்தை நமக்குக் காட்டிற்று.

சேற்றை எடுப்பவர் யார்? நகரசபை எல்லைக்குள்ளே பவுசர் வரும். தோட்டத்திலோ, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தினது 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளிலே செலவிடுவதற்குத் தடையாக நின்றது. வாக்குரிமை பெற்று, சபைக்கு உறுப்பினரையும் தெரிந்தனுப்பிய மக்கள், அதே சபையிடம் ஒரு பவுசரைக் கேட்க உரிமையற்றிருந்தனர். முப்பதாண்டு கழிந்து 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. தடை நீங்கிற்று, பவுசர் ஏறும் பாதையும், ஏற்றிய சேற்றைப் பாதுகாப்பாகக் கொட்டும் இடமும் சட்டத்திருத்தத்தோடு தாமே வந்துவிடவில்லை. பவுசர் ஏறாத இடத்தில் ஆள்தான் இறங்குவான். தாங்கியினுள் தேங்கிய நச்சுவாயு ஓரிரு மூச்சிலே உயிரைக் குடிக்கவல்லது. இந்தியாவில் 2013இல் சட்டமியற்றித் தடுத்த பின்னரும் இச்சாவுகள் நின்றபாடில்லை. வாசல்கூட்டியின் பேரன் வாளியோடு மீண்டும் குழிக்குள் இறங்குவதற்கா தனிவீடு கேட்டோம்?

இது தோட்டத்தாரின் தனிக்கவலை என்று கொழும்பு எண்ணுதலும் பொருந்தாது. காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிறைக்கும் கெஹெல்கமு ஓயாவும், மவுசாக்கலையை நிறைக்கும் மஸ்கெலி ஓயாவும் கூடியே களனி கங்கையாகின்றன. அம்பத்தலையிலே அந்த ஆற்றுநீரை எடுத்து, வடித்து, குளோரின் இட்டுத் தலைநகருக்கு அனுப்புகிறார்கள். பீலிக்கரையிலே குடத்தை நீட்டும் பெண்ணுக்கு வடித்துக் கொடுப்பார் இல்லை.

முதற்கட்ட வீடுகளிற் குடிபுகுந்து ஐந்தாண்டு கடந்த குடும்பங்கள் இன்று பல. அவர்களின் தாங்கிகள் முதன்முறையாக நிறையும் காலம் வந்துவிட்டது. ஹட்டனைச் சூழ்ந்த பிரதேச சபைகள் ஒரு பதிவேட்டைத் திறந்து, எந்தத் தோட்டத்தில் எத்தனை தாங்கி, எப்போது கட்டியது, பவுசரின் குழாய் எதுவரை எட்டும் என்று குறித்துக்கொள்ளப் பெருஞ்செலவு ஆகாது. தோட்டப் பாடசாலையின் உயர்வகுப்பு மாணவர் நால்வரை ஆசிரியர் ஒருவர் அழைத்துச் சென்றால், ஒரு டிவிசனுக்குரிய கணக்கை ஒரு சனிக்கிழமையிலே எடுத்துவிடலாம்.