இலாசரின் எண்ணெய்

உவமையில் வரும் செல்வந்தன் எவரையும் கொள்ளையடித்ததாக நற்செய்தி கூறவில்லை. வாயிலில் கிடந்த இலாசரை அவன் காணாதிருந்தான், அவ்வளவே குற்றம். எக்குவடோரியல் கினியில் செல்வந்தனின் விருந்தே இலாசரின் உடைமையைக் கொண்டு சமைக்கப்படுகிறது.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், கத்தோலிக்கர் பெரும்பான்மையினராக வாழும் சிறு நாடு அது. 1990களில் அதன் கடலடியில் எண்ணெய் பெருகிக் கிடைத்தது. தனிநபர் வருமானக் கணக்கில் ஆப்பிரிக்காவின் முதல் வரிசைக்கு நாடு உயர்ந்தது. ஆயினும் 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்களுள் முக்கால் பங்கினர் வறுமைக் கோட்டிற்குக் கீழே இருந்தனர். சராசரி என்பது இத்தனை பெரிய பொய்யை வேறெங்கேனும் சொல்லியிருக்குமோ?

1979இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஒபியாங், நாற்பது ஆண்டுகள் கடந்தும் அதை விட்டாரில்லை. வாஷிங்டன் வங்கியொன்றில் அந்நாட்டு அரசும் ஆளுங்குடும்பத்தாரும் 70 கோடி டாலர்வரை வைத்திருந்ததை 2004இல் அமெரிக்க செனட் குழு வெளிக்கொணர்ந்தது. பணம் பெட்டி பெட்டியாக வந்திறங்கியதாம். வாங்கி எண்ணிய கைகளும் குற்றமுடையவையே. மகன் தெயோதோரின் அமைச்சராகப் பெற்ற ஊதியம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கும் குறைவு. சேர்த்ததோ 30 கோடிக்கு மேல் என்றது அமெரிக்க நீதித்துறை. மலிபுவில் மாளிகை, பாரிசில் அரண்மனை, மைக்கேல் ஜாக்சனின் கையுறை! 2017இல் பாரிஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தபோது அவர் நாட்டின் துணைத் தலைவர்.

தொலைநாட்டுச் செய்தி என்று இதைக் கடந்துபோக நம்மால் இயலவில்லை. ஒபியாங்கின் சொந்தப் பகுதியான மொங்கோமோவில் 2011இல் அமல உற்பவ அன்னைக்கு மாபெரும் பேராலயம் திறக்கப்பட்டது. வலியோரின் வீழ்ச்சியைப் பாடிய அன்னையின் பெயரால் எழும் கோபுரம், நம் கண்ணை நிறைத்து வாயை அடைத்துவிடலாமா? நம் பங்குகளிலும் பளிங்குப் பலகையில் 'உபயம்' என்று பெயர் பொறிக்குமுன் பணம் வந்த வழியைக் கேட்கிறோமா என்பது வேறு கதை. சக்கேயு ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான். கோவில் கட்டித் தருவதாகச் சொல்லவில்லை.

திருப்பித் தந்ததும் ஒன்று உண்டு. அதுவும் நீதிமன்றப் பிடியினால். மலிபு மாளிகை முதலியவற்றை விற்ற பணத்தில் 2 கோடியே 66 லட்சம் டாலரை, அந்நாட்டு மக்களின் தடுப்பூசிக்கும் மருந்துக்கும் 2021இல் அமெரிக்க அரசு ஒதுக்கியது. 30 கோடியில் அது பத்திலொரு பங்குகூட இல்லை.