எல்லாம் மழையின் குற்றமா?

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் எங்காவது மண் சரிந்தால், மறுநாளே விளக்கமும் தயாராகிவிடுகிறது. "பருவநிலை மாறிப்போச்சு, மழை கொட்டித் தீர்க்குது. உலகம் முழுக்க நடக்கிறதுக்கு ஒரு மாநில அரசு என்ன செய்யும்?" கியா பார்ம் சந்தையில் கீரை விற்பவர் முதல் மேடையில் பேசுகிறவர் வரை இதையே சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை என்பதால்தான் கேட்பவரும் தலையாட்டிவிடுகிறார்.

அந்தப் பாதியை மறுக்கவில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது ஏந்தும் ஈரம் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். பெய்யும்போது வலுத்துப் பெய்யும். ஆனால், வலுத்த மழை எந்த மண்ணில் விழுகிறது என்பதை வானம் தீர்மானிப்பதில்லை.

கியா பார்ம் சரிவுகளைப் பாருங்கள். அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் கூரைகள். கூரையில் விழும் மழை மண்ணில் ஊறுவதில்லை; வழிந்து நேரே கால்வாய்க்குப் போகிறது. கூரையில்லாத பாத்திகளிலோ, ஒரு போகம் முடிந்து அடுத்தது தழைக்கும்வரை மண் வெறுமையாகக் கிடக்கிறது. மழை பிடித்த சிறிது நேரத்தில் சாலையோரக் கால்வாய் பால் தேநீர் நிறத்தில் ஓடும். தேயிலையும் காட்டை வெட்டித்தான் வந்தது. 1929இல் தொடங்கிய போ தோட்டத்தைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் தேயிலைச் செடி பல பத்தாண்டுகள் நின்று நிலத்தை மூடிக்கொள்கிறது. முட்டைக்கோஸ் சில மாதங்களில் எழுந்து போய்விடுகிறது.

கரைந்த மண் பெர்த்தாம் ஆற்றோடு ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணை அங்கேதான் இருக்கிறது. அணையின் கொள்ளளவில் பெரும்பங்கை மண் தின்றுவிட்டது. தூர்வாரத் தூர்வார மேலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. 2013 அக்டோபர் 23 பின்னிரவில், கனமழைக்கு நடுவே அணை நீர் திறந்துவிடப்பட்டு பெர்த்தாம் வேலியில் உயிர்கள் போயின, வீடுகள் நொறுங்கின. அன்று பெய்தது மழைதான். அதைத் தாங்கிக்கொள்ள நீர்த்தேக்கத்தில் இடம் இல்லாமல் போனது மழையாலா? ஆற்றோரத்தில் வீடுகள் பெருகியதும் மழையாலா?

அடுத்த வாதம்: இதெல்லாம் புத்ராஜெயா செய்ய வேண்டிய வேலை. மத்திய அரசு 2009இல் தேசியப் பருவநிலைக் கொள்கை வகுத்தது, 2024இல் அதன் இரண்டாம் பதிப்பையும் வெளியிட்டது. நல்லது. ஆனால் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் புரட்டினால் நிலமும் காடும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டம், ஒரு பகுதியை மலைநிலம் என அறிவிக்கவும், அங்கே குறுகிய காலப் பயிர்களைத் தடுக்கவும் மாநிலத்துக்கே அதிகாரம் தருகிறது. புத்ராஜெயா எவ்வளவு அழகான கொள்கை எழுதினாலும் பகாங்கில் ஒரு ஏக்கர் நிலத்துக்குக்கூட அதனால் பட்டா கொடுக்க முடியாது. மாநில அளவில் முடியும் என்பதற்குப் பினாங்கு இருக்கிறது: தீவின் நகர்ப்பகுதிகளில் வெப்பத்தையும் வெள்ளத்தையும் சமாளிக்க மரம், வடிகால் சார்ந்த திட்டம் ஒன்றை வகுத்து, அனைத்துலகத் தகவமைப்பு நிதியத்திடமிருந்து ஒரு கோடி டாலர் பெற்றிருக்கிறது.

பணமில்லை என்று பகாங் சொன்னால் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. நிலத்தைக் கொடுத்தால் வருமானம் வரும், காட்டைக் காத்தால் வராது. அதை ஈடுகட்ட மத்திய அரசு 2019இல் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து ஒதுக்கத் தொடங்கியது 6 கோடி ரிங்கிட்; 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 25 கோடி. பங்கு போட்டால் பெரிய தொகை இல்லை. ஆனால் இங்கே செய்ய வேண்டியவற்றில் முக்கால்வாசிக்குப் பணத்தைவிட முடிவுதான் தேவை.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது கடைசி வாதம்: குற்றமெல்லாம் விவசாயிகளுடையது, அவர்களை அகற்றினால் மலை தப்பிக்கும். 2019 தொடக்கத்தில் கோல தெர்லாவில் இதைச் செய்து பார்த்தார்கள். குடிநீர்ப் பிடிப்புப் பகுதி என்று சொல்லித் தோட்டங்களை இடித்தார்கள். பல ஆண்டுகளாக அங்கே பயிர்செய்த தமிழ்க் குடும்பங்கள் நிலத்தை இழந்து நின்றன. குடிநீரைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த மலையில் ஏராளமான காய்கறித் தோட்டங்கள் பல காலமாக டி.ஓ.எல். எனும் தற்காலிக உரிமத்தில் நடந்தவை. ஆண்டு முடிந்தால் அது காலாவதி. பிறருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் முடிந்தது. அடுத்த ஜனவரியில் இந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர், கல் அடுக்கிப் படிக்கட்டு வரப்பு போடுவாரா? வண்டல் குட்டை வெட்ட அரை ஏக்கரை விடுவாரா? இருக்கிறவரை எடுத்துக்கொள் என்றுதான் அந்தத் தாள் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

இந்தக் கணக்கில் பெயரே இல்லாதவர்களும் உண்டு. 2024 ஜனவரி 26 விடியுமுன் புளூ வேலி நிலச்சரிவில் இறந்த ஐவரும் மியன்மார் தொழிலாளர்கள். தொழிலாளர் குடியிருப்பு சரிவின் அடியில் இருக்கக் கூடாது என்ற ஒரு வரியை உரிம நிபந்தனையில் எழுத எந்த விஞ்ஞானி வர வேண்டும்?

அந்த வரியோடு இன்னும் சிலவற்றையும் எழுதலாம். செங்குத்தான சரிவில் உரிமம் இல்லை. மற்ற இடங்களில் வண்டல் குட்டையும் கூரைநீர்த் தொட்டியும் கட்டாயம். கட்டிக் காட்டுபவருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுக் குத்தகை. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். குவாந்தானில் மாநில ஆட்சிக்குழு கூடி ஒரு தீர்மானம் போட்டால் போதும், அடுத்த புதுப்பிப்புக்கு முன்பே.