முதல் துப்பாக்கி கல் துப்பாக்கியாகவே இருக்கட்டும்

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மான் வேட்டைக்கு இன்னொரு பருவம் தொடங்கும். அதில் துப்பாக்கி என்றால், வாய்வழியாக மருந்து கிட்டித்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிப்பதற்கு மட்டுமே அனுமதி. 1974-ல் வந்த ஏற்பாடு இது. இங்கே குடியேறி வேட்டை உரிமம் எடுத்த நம்மவர்கள், முதலில் எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள்.

தட்டினால் வெடிக்கும் கேப்பு வைத்துச் சுடுவதில் பழகிவிட்டுக் கல்லுக்கு மாறலாம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கேப்பில் குதிரை விழுந்ததுமே வெடித்துவிடும். கல் துப்பாக்கியில் கல் எஃகுத் தகட்டைச் சுரண்டி, பொறி கிண்ணியில் விழுந்து, அங்குள்ள நொய் மருந்து பற்றி, பக்கத்துளை வழியே தீ குழலுக்குள் போக வேண்டும். கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனால் முகத்துக்கு நேரே புகை எழும்போதும் தலையைத் தூக்காமல் குறியிலேயே நிற்க வேண்டும். அந்த நிதானம் முதல் நாளிலிருந்தே பழகினால்தான் கைவரும்.

பொறி நன்றாக விழுந்தால்தான் அந்த நிதானத்துக்குப் பலன். அதனால் காசை, குதிரையும் தகடும் கிண்ணியும் சேர்ந்த விசைப்பொறிக்குக் கொடுங்கள். வரியோடிய மேப்பிள் கட்டையும் பித்தளை வேலைப்பாடும் கண்ணைப் பறிக்கும். மானை வீழ்த்துவது அவையல்ல. கிட்டிக்கோலை உள்ளே விட்டு ஆழத்தைக் குழலின் வெளிப்புறத்தோடு ஒப்பிட்டு, மருந்து இல்லையென்று உறுதி செய்யுங்கள். பிறகு கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு குதிரையை விழவிடுங்கள். வெள்ளைப் பொறி கொத்தாகக் கிண்ணிக்குள் கொட்ட வேண்டும். சிவந்த பொறி நாலைந்து சிதறினால், ஈரக்காற்றில் அது உங்களைக் கைவிடும்.

18-ஆம் நூற்றாண்டில் லங்காஸ்டர் பகுதியின் ஜெர்மானியக் கைவினைஞர்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த குட்டைக் குழலை 40 அங்குலத்துக்கு மேல் நீட்டி, துளையையும் சிறிதாக்கினார்கள். ஈயமும் மருந்தும் மிச்சமாயின. குறிமுள் தள்ளிப் போனதால் குறியும் கூர்மையானது. நானும் நீளக் குழலின் பக்கம்தான். ஆனால் கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டும். கண்ணை மூடித் தோளில் ஏற்றித் திறந்தால் குறி நேரே நிற்கவேண்டும். பிறைபோல் குழிந்த பின்தகடு தோளைக் குத்தும், தட்டையானதே நல்லது.

கடைகளில் அதிகம் கிடைக்கும் குழலில், குண்டைச் சுழற்றிவிடும் உட்புரி 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. உருண்டைக் குண்டுக்கும் நீள்குண்டுக்கும் பொதுவாகச் செய்தது அது. துணியில் பொதிந்த உருண்டைக் குண்டுதான் சுடுவீர்கள் என்றால், 66 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக மெல்லத் திரும்பும் புரியைத் தேடுங்கள். துளையின் அளவுக்குச் சட்டம் 44 காலிபர் போதும் என்கிறது. நான் 50 சொல்வேன்.

பழையது வாங்குவோர் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி எண்ணெய் போடாத குழல் உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கும். கிட்டிக்கோலில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை விட்டு இழுங்கள். துணி செம்பழுப்பாக வந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.