ரோடு ஏறுது... வீடு இறங்குது! டெல்டா வீடுகளின் 'பேஸ்மட்டம்' பிரச்னைக்கு என்ன வழி?

மழை பெய்தால் உங்க வீட்டு வாசல்ல தண்ணி எந்தப் பக்கம் ஓடுது? வீட்டிலிருந்து ரோட்டுக்கா, ரோட்டிலிருந்து வீட்டுக்கா?

இரண்டாவதுதான் உங்க பதில்னா, தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை என டெல்டா முழுக்க உங்களுக்குத் துணை இருக்கு. 30, 40 வருஷத்துக்கு முன்னாடி அப்பாவோ தாத்தாவோ லோன் போட்டுக் கட்டிய வீடு. அன்று வாசலில் மூன்று படி ஏறி உள்ளே போனோம். இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம். வீடு அசையவே இல்லை. ரோடுதான் ஏறிவிட்டது.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். அந்த மாதிரி மழைக்கு மேட்டு வீடும் தப்பாது, பள்ளத்து வீடும் தப்பாது. ஆனால், இப்போது 5 செ.மீ. மழைக்கே ஹாலுக்குள் தண்ணீர் வருகிறது என்றால், அதை வானத்தின் மேல் மட்டும் பழி போட்டுவிட முடியாது.

நம்ம ஊரு 'பேஸ்மென்ட்' வேற!

யூடியூபில் 'பேஸ்மென்ட் வாட்டர்ப்ரூஃபிங்' என்று தேடினால் அமெரிக்க வீடியோக்கள்தான் வரிசை கட்டும். அங்கே பேஸ்மென்ட் என்றால் வீட்டுக்குக் கீழே இருக்கும் அறை. குளிரில் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரம் போக வேண்டும் என்பதால் எப்படியும் ஆழமாகத் தோண்டுவார்கள். தோண்டியதை அறையாக்கிக்கொண்டார்கள்.

நம்ம கொத்தனாரிடம் 'பேஸ்மட்டம்' என்று சொல்லிப் பாருங்க. தரையிலிருந்து வீட்டுத் தளம் வரைக்குமான உயரத்தைத்தான் அவர் புரிந்துகொள்வார். 'பேஸ்மட்டம் மூணு அடி போட்டுருவோமா சார்?' என்பார். அவர்கள் கீழே போனார்கள், நாம் மேலே போனோம். அதற்குக் காரணம் இருக்கிறது. ஆறும் வாய்க்காலும் வயலும் சூழ்ந்த டெல்டாவில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். அதனால்தான் பழைய வீடுகளில் திண்ணை உயரம். நெல்லைக்கூட பூமிக்குள் வைக்காமல் பத்தாயத்திலும் குதிரிலும் தரைக்கு மேலேதான் வைத்தார்கள்.

இதையும் மீறி, கார் பார்க்கிங்குக்காகவோ குடோனுக்காகவோ நிஜமான தரைக்கடி அறை கட்டுவதாக இருந்தால் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்க. சுற்றியிருக்கும் நிலத்தடி நீர், அறையின் அடித்தளத்தைவிட ஒரு மீட்டர் உயரத்தில் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டர் தளத்தையும் கிட்டத்தட்ட ஒரு டன் விசையோடு மேலே தள்ளும். மழைக்காலத்தில் காலியாக விட்ட செப்டிக் டேங்க்கும் சம்ப்பும் சில நேரம் மிதந்து எழும்பி வருவது இதனால்தான். உள்பக்கம் ஒரு கோட்டிங் அடித்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் இல்லாமல் அந்த வேலையில் கைவைக்கக் கூடாது.

ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு படி

சுற்றியுள்ள தரை மட்டத்திலிருந்து வீட்டின் பேஸ்மட்டம் குறைந்தது 45 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. ஒன்றரை அடி. அன்றைக்குக் கட்டியவர்கள் இதைவிட அதிகமாகவே போட்டிருப்பார்கள்.

இப்போது கணக்குப் போடுங்க. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடுகிறார்கள். ஒரு முறைக்கு இரண்டரை அங்குலம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 5 முறையில் ஓர் அடி போய்விடும். 7 முறை போட்டால் அந்த ஒன்றரை அடி காலி. 30 வருஷத்தில் 7 முறை ரோடு போடுவது பெரிய அதிசயம் இல்லை.

அடுத்து நடப்பதுதான் வேதனை. பக்கத்து வீட்டுக்காரர் இடித்துவிட்டு, ரோட்டிலிருந்து மூன்று அடி உயரத்தில் புது வீடு கட்டுகிறார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. ஆனால், அவர் மனையில் நின்ற தண்ணீர் இப்போது எங்கே போகும்? உங்க வீட்டுக்கு. தெருவில் ஒவ்வொருவராக உயர உயர, கடைசியாக மிஞ்சும் பழைய வீடு அந்தத் தெருவின் குளமாகிவிடுகிறது. பெரும்பாலும் அது பென்ஷனில் வாழும் வயதானவர்களின் வீடாகவோ, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடாகவோ, கையில் காசில்லாதவர் வீடாகவோ இருக்கிறது.

சுவர் குடிக்கும் தண்ணீர்

வெள்ளம் வருஷத்துக்கு ஒரு முறை வரும் விருந்தாளி. ஓதம் அப்படியில்லை, கூடவே குடியிருக்கும். செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை மண்ணிலிருந்து ஈரத்தை மேலே இழுக்கும். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி வரை சுவர் கறுத்து, பெயின்ட் உப்பி, வெள்ளையாக உப்பு பூத்துப் பூச்சு பொரிந்து விழும். அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தடுப்புப் படலம், அதாவது டி.பி.சி. போடாத பழைய வீடுகளில் இது சகஜம்.

நாம் என்ன செய்வோம்? பொரிந்த இடத்தைச் சுரண்டி, சிமென்ட் பூசி, புட்டி வைத்து, வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்போம். பொங்கலுக்குப் பளபளவென இருக்கும். அடுத்த தீபாவளிக்கு, ஓதம் இன்னும் ஓர் அடி மேலே ஏறியிருக்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரம் வெளியே ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. சிமென்ட்டும் பெயின்ட்டும் அந்த வழியை அடைத்துவிட்டன. வெளியேற வழி இல்லாத ஈரம், வழி கிடைக்கும் வரை சுவருக்குள்ளேயே மேலே ஏறுகிறது.

செலவுக்கு முன்னாடி டெஸ்ட்!

கடைக்காரர் நீட்டும் டப்பாவை வாங்குவதற்கு முன், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிங்க.

* தரைக்கு: ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் இரண்டு நாள் விடுங்க. ஷீட்டுக்கு அடியில் ஈரம் பூத்திருந்தால் அது மண்ணிலிருந்து வருகிறது. மேலே மட்டும் பூத்திருந்தால் அது காற்றின் ஈரம். அதற்கு ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.
* சுவருக்கு: தரையிலிருந்து ஒரே சீராக மேலேறும் கறை என்றால் ஓதம். நடுச்சுவரில் திட்டாக இருந்தால் பைப் லீக்கேஜ். மேலிருந்து கீழிறங்கினால் மாடித்தளம் அல்லது சன்ஷேடு.
* பாத்ரூமுக்கு: கனமழையில் முதலில் தண்ணீர் வருவது வாசல் வழியாகவா, பாத்ரூம் ஓட்டை வழியாகவா என்று கவனிங்க. பாத்ரூம் வழியாக என்றால் வாசலில் எவ்வளவு உயரத்துக்குத் தடுப்புக் கட்டினாலும் பயனில்லை. கழிவுநீர்க் குழாயில் 'நான்-ரிட்டர்ன் வால்வு' போட வேண்டும்.

தரையின் குணத்தையும் பாருங்க. தஞ்சையிலேயே வல்லம் பக்கம் செம்மண் மேடு. தண்ணீர் வடிந்துவிடும். ஆற்றுப் பாசனப் பகுதிக் களிமண்ணோ, நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வீடும் கூடவே விரிசல் விடும். வல்லத்தில் நண்பருக்குப் பலித்த வைத்தியம் பாபநாசத்தில் உங்களுக்குப் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்று வழிகள்

1. வெளியே சரிசெய்வது: இருப்பதிலேயே குறைந்த செலவு. சுவரை ஒட்டிக் குவிந்திருக்கும் மண்ணை அகற்றி, வீட்டைச் சுற்றி மூன்று அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போடணும். மாடித் தண்ணீர் சுவரோரமே விழாமல் பைப் போட்டுத் தள்ளி விடணும். உள்ளே ஓதம் இருக்கும் உயரத்துக்கு ஓர் அடி மேல் வரை சிமென்ட் பூச்சை உரித்து, உப்பைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பூசலாம். சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் செலுத்தும் முறையும் இருக்கிறது. ஆனால், அது ஓதத்தைத்தான் தடுக்கும். வெள்ளத்தைத் தடுக்காது.

2. உள்ளே தளத்தை உயர்த்துவது: நிறைய பேர் செய்வது இதுதான். 600 சதுர அடி வீட்டை இரண்டு அடி உயர்த்த 1,200 கன அடி, அதாவது 12 யூனிட் மண் வேண்டும். 3 யூனிட் லாரியில் 4 லோடு. மண் செலவு பெரிதாகத் தெரியாது. ஆனால், 10 அடி கூரை 8 அடியாகும். குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது சுமார் 9 அடி உயரம் வேண்டும் என்கிறது அதே விதித் தொகுப்பு. 7 அடி நிலை 5 அடியாகிவிடும். நிலை, ஜன்னல், சுவிட்ச் போர்டு, டாய்லெட் லைன் எல்லாமே மாறணும். மே மாத வெயிலில் 8 அடி கூரைக்குக் கீழே படுத்துப் பார்த்தால்தான் முழுச் செலவும் தெரியும். எப்படியும் இதைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால், மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே பாலித்தீன் ஷீட் விரித்து, அதற்கு மேல் கான்கிரீட் போடச் சொல்லுங்க. ஷீட்டை விட்டுவிட்டால் டைல்ஸ் இடுக்கில் மறுபடியும் ஈரம் வரும்.

3. வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது: ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. சுவரின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, இரும்புச் சேனல் கொடுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை ஒரே சீராகத் திருகி வீட்டை ஏற்றுவார்கள். ஹரியானாவைச் சேர்ந்த நிறுவனங்கள் இதில் பிரபலம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவிலும் இப்படி வீடுகளைத் தூக்கினார்கள். கூரை உயரம் குறையாது என்பது லாபம். ஆனால், மண் கலவையில் கட்டிய சுவர், ஏற்கெனவே விரிசல் விட்ட சுவர், இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர் என்றால் ஆபத்து. கட்டடத்தின் பலத்தைத் தனியாக ஓர் இன்ஜினீயரிடம் பார்த்து எழுதி வாங்காமல், தூக்கும் நிறுவனத்தின் வார்த்தையை மட்டும் நம்பி இறங்காதீங்க.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், தாழ்வாக இருக்கும் பிளக் பாயின்ட்களை மேலே ஏற்றுங்க. மெயினில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்க. வீட்டுக்குள் தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் உயிரே போகும்.

காலண்டரைப் பார்த்து வேலை ஆரம்பிங்க

வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். வாய்க்காலில் தண்ணீர், வயலில் தண்ணீர், அதன் மேல் வடகிழக்குப் பருவமழை என அந்த மாதங்களில் டெல்டா மண் ஊறிக் கிடக்கும். நனைந்த சுவரில் எந்தப் பூச்சும் ஒட்டாது. ஆக, நவம்பரில் ஈரத்தை அடையாளம் கண்டு போட்டோ எடுத்து வைங்க. பிப்ரவரி முதல் மே வரை வேலையை முடிங்க. தீபாவளிக்கு முன்னாடி அவசரமாக அடிக்கும் பெயின்ட், காசுக்குக் கேடு.

ஒரு வீடு தப்பித்தால் போதுமா?

1850-களிலும் 60-களிலும் அமெரிக்காவின் சிகாகோ நகரம் இதே சிக்கலில் இருந்தது. சதுப்பு நிலம், வடிகால் இல்லை. நகர நிர்வாகம் தெருக்களுக்குப் புது மட்டம் நிர்ணயித்தது. அதற்கேற்ப பெரிய பெரிய கட்டடங்களைக்கூட ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். அங்கே முதலில் மட்டத்தை முடிவு செய்தார்கள், பிறகு கட்டடங்கள் உயர்ந்தன. இங்கே மட்டம் என்ன என்று யாரும் சொல்வதில்லை. ரோடு தன் இஷ்டத்துக்கு ஏறுகிறது, வீடுகள் துரத்துகின்றன. இன்று நீங்கள் 5 லட்சம் செலவழித்து இரண்டு அடி உயர்த்தினாலும், ரோடு ஏறுவது நிற்காவிட்டால் உங்க பிள்ளை அதே செலவை மறுபடியும் செய்ய வேண்டும்.

இதற்கு விடை ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புது சாலை போட வேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்று துறைகளுக்கு உத்தரவிட்டார். அதைக் களத்தில் நடக்க வைப்பது யார்? தெருவில் ரோடு ரோலர் வந்து நிற்கும்போது கேள்வி கேட்கும் ஆட்கள்தான்.

எனவே, வீட்டு வேலையோடு இன்னொரு வேலையும் செய்யுங்க. இன்றைய ரோட்டு மட்டத்தை உங்க காம்பவுண்டு சுவரில் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்து வைங்க. தெருவில் இருக்கும் எல்லா வீட்டிலும் இதைச் செய்தால் அது வலுவான ஆதாரம். ரோடு வேலை தொடங்கும் முன்பே 'மில்லிங் உண்டா?' என்று மாநகராட்சியிலோ ஒன்றிய அலுவலகத்திலோ எழுத்துப்பூர்வமாகக் கேளுங்க. கிராமம் என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு 6 கிராம சபைகள் இருக்கின்றன. அங்கே தீர்மானமாகவே போடச் சொல்லலாம்.

தொகுப்பு வீட்டில் இருப்பவர்களுக்குத் தளம் உயர்த்தவோ, ஜாக்கிக்குக் கொடுக்கவோ பணம் இருக்காது. ஊறிப்போன சுவர் இடிந்து விழுந்து உயிர் போனதாக மழைக்காலத்தில் நாம் படிக்கும் செய்திகளில் அப்படிப்பட்ட வீடுகளும் வருகின்றன. 2001-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024-ல் தமிழக அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. உங்க ஊரில் யாருக்கு அது கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கிராம சபையில் கேட்பதற்கு, ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

வாட்டர்ப்ரூஃப் டப்பா வாங்கினால் ஒரு சுவரைக் காப்பாற்றலாம். ரோட்டை அதன் இடத்திலேயே நிறுத்தி வைத்தால் ஒரு தெருவையே காப்பாற்றலாம்.