முழக்கம் எவ்வளவு வேண்டும்?

மின் கிற்றார் பயிலும் மாணவர் 'ரிவேர்ப் பெடல்' வேண்டுமென்கின்றனர். எதை வாங்குவதென்று பெற்றோர் மயங்குகின்றனர். மண்டபத்திற் பாடினால் ஓசை சுவர்களில் மோதித் திரும்பி மெல்ல அடங்குமன்றோ? அந்த எதிர்முழக்கத்தைக் கருவிக்குச் செயற்கையாக ஊட்டுவதே காலால் மிதித்து இயக்கும் இச்சிறு பெட்டியின் தொழில். 1961இல் அமெரிக்காவின் பெண்டர் நிறுவனம் கிற்றாருக்கென வெளியிட்ட தனிப்பெட்டியிற் சுருள்வில் அதனைச் செய்தது. இன்றோ பெரும்பாலும் எண்முறைக் கணிப்புச் செய்கிறது.

பெட்டியிலுள்ள பெயர்களுள் 'ரூம்' சிற்றறையையும், 'ஹோல்' பெருமண்டபத்தையும் குறிக்கும். பெருமண்டபமே சிறந்ததென எண்ணற்க. ஆர். பிரசன்னாவைப் போல மின் கிற்றாரிற் கர்நாடக இசை வாசிக்க விழைவோர் கமகத்தை நினைத்தல் வேண்டும். தோடியிற் காந்தாரம் அசையும்போது முன்னோசை அடங்காதிருப்பின் அசைவு குழம்பிவிடும். ஆதலின் முழக்கம் நீடிக்கும் நேரத்தையும் அதன் அளவையும் தனித்தனியே குறைக்கத்தக்க பெட்டியே நன்று. அரியாலைக் கோயில் வீதியின் திறந்த வெளியிற் சிறிது கூட்டலாம். மண்டபத்திற் குறைத்தல் வேண்டும், கட்டடமே முழங்குமாதலின்.

கடையில் முதலில் முழக்கமின்றி வாசித்துப் பாருங்கள். விரலின் பிழை அப்பொழுதே தெரியும். அதனைத் திருத்துவது சாதகம். மறைப்பதற்கோ பெற்றோரின் பணம்?