சிந்திய ஆயிலும் சிந்திக்காத ஆசாமியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டி, கையில் ஸ்பேனரோடு பைக் பக்கத்தில் குந்தி உட்காரும் இளைஞர்களை எனக்குப் பிடிக்கும். ஆறு நாள் ஆபீஸில் அடுத்தவருக்கு உழைத்துவிட்டு, ஏழாம் நாள் சொந்தக் கையால் ஒரு காரியத்தை முழுசாகச் செய்து முடிக்கிற சந்தோஷம் அவர்கள் முகத்தில் தெரியும்.

ஆயில் மாற்றுவது சுலபம்தான். அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றணும், பழசு வடியணும், போல்ட்டைப் பழையபடி முடுக்கணும், மேலே புதுசை ஊற்றணும். நூறு சிசி வண்டியின் வயிற்றில் ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கும். அதில் முக்கால் லிட்டர் தட்டில் விழும். மிச்சம் தரையில் விழுந்த பிறகு ஆசாமி என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் நான் கவனித்த வரையில் மூன்று கட்சிகள்.

முதலாவது, தண்ணீர்க் கட்சி. ஹோஸ் பைப்பைப் பிடித்து அடிப்பார்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மிதக்கும் என்பது ஆறாம் கிளாஸ் பாடம். ஒரு சாண் கறை எட்டடிக்குப் பரவி, மழைநீர் வடிகாலில் இறங்கிவிடும்.

இரண்டாவது, பெட்ரோல் கட்சி. 'ஒரு துளி பெட்ரோல் விட்டுத் துடைச்சா பளிச்சுனு போயிடும் ஸார்' என்பார்கள். போகும், சமயத்தில் ஆளும் சேர்ந்து போவார். இன்ஜின் ஆயிலின் ஆவியில் தீப்பொறி பற்ற சுமார் 200 டிகிரி சூடு வேணும். பெட்ரோலுக்கு மார்கழிக் குளிரே ஜாஸ்தி. அதன் ஆவி காற்றைவிடக் கனம். மேலே எழும்பாமல் தரையோடு தவழ்ந்து போய், கீழ்வீட்டு சாமி விளக்கையோ, பக்கத்தில் தம் அடித்தபடி யோசனை சொல்கிறவரையோ சந்திக்கும்.

மூன்றாவது, 'தானா காஞ்சிடும், விடு மச்சி' கட்சி. இன்ஜின் ஆயில் தண்ணீர் மாதிரி காயாது. மறுநாள் விடியற்காலை இருட்டில் பால் போடுகிற பையன் அதே வழியாகத்தான் வருவான். கோலம் போட வருகிற பாட்டிக்கு எழுபது வயசு. இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயசில் எழுந்து நடப்பதே பெரிய பாடு.

நான் நாலாவது கட்சி. மணல் கட்சி.

வேலை தொடங்கும் முன்பே ஒரு முறம் உலர்ந்த மணல் பக்கத்தில் இருக்கணும். கொட்டியதைச் சுற்றி முதலில் வரப்பு மாதிரி மணல் போடுங்கள். அப்புறம் நடுவில் தூவுங்கள். கால் மணி நேரம் உறிஞ்சட்டும். பழைய அட்டையால் அள்ளிவிட்டு, இன்னொரு தடவை தூவித் தேயுங்கள். மிச்சப் பிசுக்குக்குச் சோப்புத்தூளும் பிரஷ்ஷும். அதையும் பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுத்துவிடுங்கள். மணல் இல்லையென்றால் மரத்தூள்; தீ பக்கத்தில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். கோலமாவும் உறிஞ்சும். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதற்கு இந்தப் பத்திரிகை பொறுப்பல்ல!

கையில் ரப்பர் கையுறை போடுங்கள். பழைய ஆயில் வருஷக்கணக்கில் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் புற்றுநோய் வரை அபாயம் உண்டு. நீண்ட தூரம் ஓட்டி வந்த சூட்டோடு போல்ட்டில் கை வைக்காதீர்கள். வெதுவெதுப்பாக இருந்தாலே ஆயில் நன்றாக இறங்கும்.

தரை சுத்தமானதும் வண்டியைப் பாருங்கள். டயரில் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவி உலர்த்துங்கள். சைலன்ஸரில் பட்டிருந்தால் ஸ்டார்ட் செய்யும் முன் துடையுங்கள். பிரேக் பேட் ஆயில் குடித்துவிட்டால் துடைத்துப் பிரயோஜனமில்லை, மாற்றத்தான் வேணும். ஒரு பேட் காசு மிச்சம் பிடித்தவருக்கு, சிக்னலில் முன்னால் நிற்கும் பஸ் கணக்குச் சொல்லித்தரும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். 2016-ம் வருஷ விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. மூடி போட்ட கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்கிற ஒர்க் ஷாப்பில் கொடுங்கள். சுத்திகரித்து மறுபடி எண்ணெயாக்க முடியும். எண்ணெய் மணலையும் துணியையும் பையில் கட்டி, அவற்றையும் அங்கேயே எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

தண்ணீரில் கலந்த எண்ணெயை எடுப்பது எத்தனை கஷ்டம் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் கொட்டியது. கரையெல்லாம் கறுப்புக் குழம்பு. கடைசியில் ஆட்கள் வரிசையில் நின்று நாள் கணக்கில் வாளி வாளியாக அள்ளினார்கள்.

நம்முடையது கால் லிட்டர். தரையில் இருக்கும்வரை ஒரு முறம் மணலில் முடிகிற சமாசாரம். அதனால் முதலில் மணலைக் கொண்டுவந்து வையுங்கள். ஸ்பேனரை அப்புறம் தேடலாம், ஸார்.